ஓவியத்துக்கு மவுன்ட், பிரேம் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம், அச்சுப்படம், புகைப்படம், துணி வேலைப்பாடு என எதைச் சுவரில் மாட்டுவதானாலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: படத்தின் மேல் செய்கிற எந்த வேலையையும் பிற்பாடு அவிழ்த்தெடுக்க முடியவேண்டும். பிரேம் பழையதாகும், கண்ணாடி உடையும், வீடு மாறும், ரசனை மாறும். அப்போதெல்லாம் படம் உள்ளே போனது போலவே வெளியே வரவேண்டும்.

பிரேம் தேடும் முன் எதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்?

படம் எதன் மேல் இருக்கிறது, எதனால் வரையப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். தாளில் வரைந்த நீர்வண்ணம், பென்சில், மை, அச்சுப்படங்கள் எல்லாவற்றுக்கும் கண்ணாடியும், மவுன்ட்டும் (நடுவில் ஜன்னல் போல வெட்டி, படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) தேவை. கேன்வாஸில் வரைந்த எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக் வண்ணத்துக்கும் பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை. பாஸ்டலும் கரியும் தாளில் இருந்தாலும் தனி வகை.

அடுத்தது, போனால் திரும்பக் கிடைக்காத படமா என்ற கேள்வி. மறுபடி அச்சடித்துக்கொள்ளக்கூடிய போஸ்டருக்கும், ஒரே ஒரு பிரதி உள்ள தாத்தாவின் புகைப்படத்துக்கும் ஒரே முறையைக் கையாளக் கூடாது. எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வெளிச்சம், ஈரம், பார்க்கும் தூரம் ஆகிய மூன்றும்தான் கண்ணாடியின் வகையையும் மவுன்ட்டின் அகலத்தையும் தீர்மானிக்கின்றன. பிரேமின் மர வேலைப்பாட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். செலவில் பாதி அங்கேயே போய்விட, படத்தைத் தொட்டுக்கொண்டிருக்கப்போகும் அட்டை மலிவானதாக அமைந்துவிடுகிறது.

மவுன்ட் அழகுக்காகத்தானே? இல்லாமல் போட்டால் என்ன?

அழகு அதன் இரண்டாவது வேலை. தாள் கண்ணாடியைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. அறையின் வெப்பம் மாறும்போது கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் படியும். தாள் அதோடு ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும், நீர்வண்ணம் கசியும், புகைப்படத்தின் பளபளப்பான பரப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்ட புகைப்படத்தைப் பிய்த்தால் படலம் கண்ணாடியோடு போய்விடும். அதைக் கண்ணாடியோடு சேர்த்து அப்படியே ஸ்கேன் செய்து வைத்துவிட்டு, பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

மவுன்ட் தோற்றம் பிடிக்கவில்லை என்றால் போடாமல் விடலாம். ஆனால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே, பிரேமின் உள்விளிம்பில், 3 முதல் 6 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் பட்டையை வைத்தே தீரவேண்டும்.

எந்த மவுன்ட் போர்டு வாங்குவது?

சாதாரண மவுன்ட் போர்டின் தடிமன் சுமார் 1.4 மி.மீ. பெரிய படங்களுக்கும், வெட்டு விளிம்பு ஆழமாகத் தெரியவேண்டும் என்பவர்களுக்கும் அதன் இரட்டைத் தடிமனில் கிடைக்கும். ஆனால் தடிமனைவிட அது எதனால் செய்யப்பட்டது என்பதுதான் முக்கியம்.

மரக்கூழில் செய்த மலிவான போர்டில், மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பொருள் இருக்கும். அது நாளாக ஆக அமிலமாகி, படத்தின் ஓரங்களைத் தொடும் இடத்தில் பழுப்புக் கோடு போட்டுவிடும். பழைய பிரேம்களைத் திறந்தால், ஜன்னல் வெட்டிய வடிவத்திலேயே தாள் கருகியது போல் தெரிவது இதனால்தான். அந்தக் கோட்டை வீட்டில் வைத்துப் போக்க முடியாது. இதற்கு மேல் தரம், லிக்னின் நீக்கிய கூழில் செய்து, அமிலத்தை முறிக்கும் காரமான கால்சியம் கார்பனேட் சேர்த்த போர்டு. எல்லாவற்றுக்கும் மேலானது முழுக்கப் பருத்தி இழையில் செய்தது. மாற்றிக்கொள்ளக்கூடிய போஸ்டருக்கு முதல் வகை போதும். கையால் வரைந்த எதற்கும் இரண்டாவதற்குக் கீழே இறங்காதீர்கள். படத்துக்கு அடியில் வைக்கும் போர்டும் அதே தரத்தில் இருக்கவேண்டும். மேலே தெரிகிற மவுன்ட்டை உயர்ந்ததாகப் போட்டுவிட்டு, பின்னால் பழுப்பு அட்டையைச் செருகினால் பயனில்லை. படத்தின் முழுப் பின்புறமும் பழுப்பு அட்டையோடுதான் ஒட்டிக்கிடக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சயனோடைப் எனப்படும் நீலநிற அச்சுக்குக் காரம் ஆகாது, நிறம் வெளுத்துப்போகும். அதற்குக் கால்சியம் கார்பனேட் சேர்க்காத பருத்திப் போர்டு வாங்கவேண்டும்.

மவுன்ட்டின் அகலம் எவ்வளவு இருக்கவேண்டும்?

நடுத்தர அளவுப் படங்களுக்கு 5 முதல் 8 செ.மீ. வரை பொருந்தும். சிறிய படத்துக்குச் சிறிய மவுன்ட் என்ற எண்ணம் தவறு. உள்ளங்கை அளவு அச்சுப்படத்தைச் சுற்றி 8 அல்லது 10 செ.மீ. விட்டுப் பாருங்கள், கண் தானாக நடுவில் போய் நிற்கும். மவுன்ட்டின் அகலமும் பிரேம் மரத்தின் அகலமும் ஒன்றாக இருப்பதையும் தவிர்க்கவேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் வரிவரியாகத் தெரியுமே தவிர, படம் எடுபடாது.

கீழ்ப்பக்கத்தை மேல்பக்கத்தைவிட 5 முதல் 15 மி.மீ. கூடுதலாக விடுவது வழக்கம். கச்சிதமாக நடுவில் வைத்த படம் கண்ணுக்குச் சற்றுக் கீழே சரிந்தது போல் தெரியும் என்பதே காரணம்.

ஆயத்த பிரேம் வாங்குபவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மவுன்ட்டின் ஜன்னல் தாளின் ஓரத்தை ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. மூடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாள் 210 × 297 மி.மீ.; ஜன்னல் 200 × 287. அதை 30 × 40 செ.மீ. பிரேமில் வைத்தால் பக்கவாட்டில் 50 மி.மீ., மேலே 52, கீழே 61 என்று அழகாக அமையும். ஏ3 தாளை 40 × 50 பிரேமில் வைத்தாலோ பக்கவாட்டில் 56, மேலும் கீழும் 45 மி.மீ.தான் வரும். பக்கங்கள் அகன்று, மேலும் கீழும் நசுங்கிய தோற்றம். அதற்கு 50 × 70 எடுங்கள்: பக்கவாட்டில் 106, மேலே 140, கீழே 150 மி.மீ. கிடைக்கும்.

கையெழுத்தும் பிரதி எண்ணும் உள்ள அச்சுப்படமானால் ஜன்னல் அவற்றை மூடக் கூடாது. அச்சுத் தகடு தாளில் அழுந்திய தடத்தைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. வெள்ளை விட்டு, கீழே கையெழுத்து முழுதாகத் தெரியும் அளவுக்கு ஜன்னலை இறக்குங்கள். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று தாளின் ஓரத்தை வெட்டுவது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

என்ன நிறம் எடுப்பது?

சந்தேகம் வந்தால் வெள்ளை. ஆனால் வெள்ளையிலேயே பத்து வகை உண்டு. தாளின் வெள்ளையைவிடப் பளிச்சென்ற மவுன்ட் போட்டால் தாள் அழுக்காகத் தெரியும். ஆகவே தாளின் நிறத்துக்கு இணையாகவோ, ஒரு படி மங்கலாகவோ எடுக்கவேண்டும். போர்டின் துண்டுகளைப் படத்தின் மூலையில் வைத்து, படம் மாட்டப்போகும் அறையின் வெளிச்சத்திலேயே பாருங்கள். பகலில் ஒத்துப்போகும் நிறம் மஞ்சள் பல்பின் கீழே ஒத்துப்போகாமல் போகலாம். படத்தில் உள்ள சிவப்பையே மவுன்ட்டிலும் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். முதலில் கண்ணில் படுவது மவுன்ட்டாகிவிடும் என்பதால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்த நிறம் வேண்டும் என்றால் இரட்டை மவுன்ட் போட்டு, உள் மவுன்ட் மட்டும் 4 அல்லது 5 மி.மீ. கோடாகத் தெரியும்படி வைக்கலாம்.

படத்தை மவுன்ட்டில் எப்படிப் பொருத்துவது?

மொத்த வேலையிலும் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

தாள் உயிருள்ள பொருள் மாதிரி: ஈரக்காற்றில் விரியும், வறண்ட காற்றில் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் விரிய இடமில்லாமல் நடுவில் நெளியும். எனவே மேல்பக்கத்தில் மட்டும் இரண்டு கீல்களில் தொங்கவிட்டு, மற்ற மூன்று பக்கங்களையும் சும்மா விடவேண்டும். அந்தக் கீல் மெல்லிய ஜப்பானியத் தாளில் செய்தது. பசை, கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சியது. கீலின் தாள் படத்தின் தாளைவிட மெல்லியதாக இருக்கவேண்டும். பிரேம் கீழே விழுந்தால் கிழிவது கீலாக இருக்கவேண்டும், படமாக அல்ல.

பசைக்கு ஒரு பங்கு கோதுமை ஸ்டார்ச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் விடாமல் கிளறிக்கொண்டே 20 முதல் 30 நிமிடம் காய்ச்சுங்கள். வெள்ளைக் குழம்பு கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பதத்துக்கு வந்ததும் இறக்கி, ஆறவைத்து, நுண்ணிய சல்லடையில் தேய்த்து வடிகட்டவேண்டும். பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்துத் தளர்த்துங்கள். தூரிகையில் எடுத்தால் சொட்டக் கூடாது, இழுத்தால் திட்டுத்திட்டாக நிற்கவும் கூடாது. ஃபிரிட்ஜில் சில நாள் தாங்கும். புளித்த வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். கோதுமை மாவில் பசை காய்ச்சக் கூடாது, அதிலுள்ள புரதம் பூச்சியை அழைக்கும்.

கீலுக்கான தாளைக் கத்தரிக்காமல் கிழிக்கவேண்டும். நனைத்த தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் மெல்லப் பிரித்தால் ஓரத்தில் இழைகள் பஞ்சு போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இழை ஓரம் படத்தின் முன்புறத்தில் புடைத்துத் தெரியாது. கத்தரித்த நேர் ஓரமோ மெல்லிய தாளில் கோடாகவே தெரியும். 2 முதல் 3 செ.மீ. அகலமுள்ள இரண்டு துண்டுகள் போதும்.

படத்தைக் கவிழ்த்துச் சுத்தமான தாளின் மேல் வையுங்கள். கீலின் ஒரு முனையில் 5 அல்லது 6 மி.மீ. அளவுக்கு மட்டும் பசை தடவி, உறிஞ்சுதாளில் ஒருமுறை ஒற்றி அதிக ஈரத்தை எடுத்துவிட்டு, படத்தின் மேல் ஓரத்துக்குப் பின்னால் ஒட்டுங்கள். மூலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இரண்டு பக்கமும் ஒட்டவேண்டும். மேலே உறிஞ்சுதாள், அதன் மேல் சிறு கண்ணாடித் துண்டு, அதன் மேல் எடை. ஐந்து நிமிடம் கழித்து உறிஞ்சுதாளை மாற்றி, ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கீல் ஒட்டிய இடம் மட்டும் சுருங்கி, முன்பக்கம் குழியாகத் தெரியும். காய்ந்தபின் படத்தை நிமிர்த்தி அடிப் போர்டில் இடம் பார்த்து வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கீலின் மேல் குறுக்காக இன்னொரு துண்டை ஒட்டிவிட்டால் ஆங்கில டி எழுத்து வடிவில் கீல் தயார். அந்தக் குறுக்குத் துண்டு படத்தின் விளிம்பைத் தொடாமல் 1 அல்லது 2 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

ஜன்னல் வெட்டிய மேல் மவுன்ட்டை அடிப் போர்டோடு ஒரு பக்கத்தில் துணி டேப்பால் இணைத்துவிட்டால், புத்தகம் போலத் திறந்து மூடலாம். படத்தை அடிப் போர்டோடு மட்டுமே இணைக்கவேண்டும். ஜன்னல் மவுன்ட்டின் பின்புறத்தில் தொங்கவிட்டால் மவுன்ட்டைத் திறக்கும்போது படம் கிழியும்.

பசையே வேண்டாம் என்றால்?

மூலைப் பைகள் போடலாம். புகைப்பட ஆல்பத்தில் உள்ளவை போல, அமிலமில்லாத தாளில் மடித்த நான்கு முக்கோணப் பைகளை அடிப் போர்டில் ஒட்டி, படத்தின் மூலைகளை அவற்றில் செருகவேண்டும். படத்தில் ஒரு துளி பசையும் படாது. இறுக்கமாகச் செருகாமல் 1 மி.மீ. அளவுக்குத் தளர்வு விடுங்கள். புகைப்படங்களுக்கு இதுவே சிறந்த முறை. ஆனால் மூலைகள் ஜன்னலுக்கு அடியில் மறையவேண்டும் என்பதால், ஓரம் வரை தெரியவேண்டிய படத்துக்கு ஒத்துவராது. பெரிய மெல்லிய தாளும் தொய்ந்து மூலையிலிருந்து நழுவிவிடும்.

செலோடேப், மாஸ்கிங் டேப், இரட்டைப் பக்க டேப்?

வேண்டாம். டேப்பில் உள்ள பசை சில ஆண்டுகளில் இளகி எண்ணெய் போலத் தாளுக்குள் ஊறி, முன்பக்கம் வரை மஞ்சள் கறையாக எட்டிப்பார்க்கும். பிறகு காய்ந்து பிளாஸ்டிக் மட்டும் உதிர்ந்துவிடும்; படம் பிரேமுக்குள் சரியும், கறை தங்கிவிடும். அமிலமில்லாதது என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் அழுத்து டேப்களையும் படத்தின் மேல் ஒட்டவேண்டாம். போர்டை போர்டோடு இணைக்க மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். ஸ்டார்ச் காய்ச்ச நேரமில்லாதவர்கள் தண்ணீர் தடவி ஒட்டும் கம் டேப்பை எடுக்கலாம், நனைத்தால் கழன்றுவரும்.

தாள் நெளிந்திருக்கிறது. முழுப் பின்புறமும் ஒட்டித் தட்டையாக்கிவிடலாமா? லேமினேஷன்?

நீர்வண்ணத் தாளில் லேசான நெளிவு இயல்பு. மவுன்ட்டுக்குள் போனபின் பெரும்பாலும் கண்ணில் படாது. சுருட்டி வைத்த தாளானால், இரண்டு சுத்தமான போர்டுகளுக்கு நடுவே வைத்து மேலே சீரான எடை ஏற்றிச் சில நாள் விட்டுப் பாருங்கள். பாஸ்டல், கரி, உதிரும் வண்ணம் உள்ளவற்றுக்கு இதைச் செய்யக் கூடாது.

வெப்ப அழுத்தத்தில் பிசின்தாள் வைத்து முழுதாக ஒட்டுவது டிரை மவுன்ட். பெரிய போஸ்டர்கள் கண்ணாடி போலத் தட்டையாக நிற்க அதுதான் வழி. ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான், அசல் ஓவியத்துக்கு அது பொருந்தாது. மெழுகுக் கிரேயான் உருகும், பழைய புகைப்படத்தின் பரப்பு கெடும். லேமினேஷனும் அப்படியே. சான்றிதழோ படமோ, மறுபடி கிடைக்காத எதையும் பிளாஸ்டிக்குக்குள் வைத்துச் சூடாக்காதீர்கள்.

மவுன்ட் ஜன்னலை நானே வெட்டினால் மூலைகள் பிசிறாக வருகின்றன. ஏன்?

பெரும்பாலும் பிளேடுதான் காரணம். மவுன்ட் போர்டு பிளேடைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். முனை போன பிளேடு போர்டை அறுக்காமல் கிழிக்கும். வெள்ளை விளிம்பில் மயிர் போல இழைகள் நிற்கும்.

வெட்டு போர்டின் பின்புறத்திலிருந்து, 45 டிகிரி சாய்வில் போகவேண்டும். பிளேடு சாய்வாக இறங்குவதால், முன்புறத்தில் மூலை சரியாகச் சேர, பின்புறத்தில் வரைந்த கோட்டைத் தாண்டி ஏறக்குறைய போர்டின் தடிமன் அளவுக்கு, அதாவது 1.5 மி.மீ. முன்னே தொடங்கி, அதே அளவு தாண்டி முடிக்கவேண்டும். குறைத்தால் மூலை விடுபடாது, கூட்டினால் முன்பக்கத்தில் கீறல் நீளும். விடுபடாத மூலையைப் பிய்த்து இழுக்காதீர்கள். மெல்லிய சவர பிளேடை அதே சாய்வில் வெட்டுக்குள் செருகி மெதுவாக அறுத்துவிடுங்கள்.

கோட்டின் தொடக்கத்தில் மட்டும் வெட்டு வளைந்து கொக்கி போல வருகிறதா? பிளேடு அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கிறது, அது வளைகிறது. போர்டைத் தாண்டி அடியில் உள்ள தாங்கு அட்டையை மேலோட்டமாகக் கீறும் அளவுக்கு மட்டும் நீட்டுங்கள். அந்தத் தாங்கு அட்டையையும் ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் நகர்த்தவேண்டும், இல்லாவிட்டால் பிளேடு பழைய கீறலுக்குள் விழுந்து அதன் போக்கில் போகும்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

2 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ. கண்ணாடிக்குப் பதிலாகப் போடும் தெளிவான பிளாஸ்டிக் தகடான அக்ரிலிக் 3 மி.மீ. தடிமனில் 3.6 கிலோதான். 60 × 80 செ.மீ. படத்துக்கு முறையே 2.4 கிலோ, 1.7 கிலோ. பெரிய படம், குழந்தைகள் அறை, அனுப்பிவைக்கவேண்டிய படம் என்றால் அக்ரிலிக் எடுங்கள். ஆனால் எளிதில் கீறல் விழும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் பரப்பு மங்கி வெடிப்புவிடும். ஈரமான மென்துணி போதும். வெப்பத்தில் அதிகம் விரியவும் செய்யும். 10 டிகிரி உயர்ந்தால் ஒரு மீட்டருக்கு சுமார் 0.7 மி.மீ. நீளும். பிரேமுக்குள் இறுக்கமாக வெட்டிவைத்தால் வில் போல வளைந்துவிடும்.

பிரதிபலிப்பு தொந்தரவு என்றால் இரண்டு வழிகள் உண்டு. பரப்பைச் சொரசொரப்பாக்கிய மேட் கண்ணாடி மலிவு. ஆனால் படத்துக்கும் அதற்கும் இடைவெளி கூடக்கூடப் படம் மங்கும். இரட்டை மவுன்ட் போட்டால் பனிமூட்டமாகவே தெரியும். பூச்சு போட்ட பிரதிபலிப்பற்ற கண்ணாடி விலை கூடியது, ஆனால் கண்ணாடி இருப்பதே தெரியாது. புற ஊதாக் கதிரை 97 முதல் 99 சதவீதம் வரை தடுக்கும் கண்ணாடிகளும் கிடைக்கின்றன. நீர்வண்ணத்துக்கும் வண்ணப் புகைப்படத்துக்கும் அவை மதிப்புள்ள செலவு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை வெளுக்கவைக்கும். இந்தக் கண்ணாடி போட்டதால் வெயிலில் மாட்டலாம் என்று ஆகாது.

பாஸ்டல், கரி ஓவியங்களுக்கு?

கண்ணாடிதான். சாதாரண அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் ஏறி, பொடியைத் தாளிலிருந்து உரித்து இழுத்துக்கொள்ளும். கண்ணாடி போட்டாலும் ஒவ்வொரு அதிர்விலும் கொஞ்சம் தூள் உதிரும். அது மவுன்ட்டின் கீழ் விளிம்பில், அந்த வெள்ளைச் சாய்வு வெட்டில், வண்ணக் கோடாகத் தேங்கும். அதைத் தவிர்க்க ஜன்னல் மவுன்ட்டுக்கு அடியில், ஜன்னலைவிட ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 10 மி.மீ. பெரிதாக வெட்டிய ஃபோம் போர்டு சட்டம் ஒன்றை வையுங்கள். உதிரும் தூள் மவுன்ட்டுக்குப் பின்னால் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்துவிடும், பார்வைக்குத் தெரியாது. பிரேம் போட்டபின் இந்தப் படத்தைக் கவிழ்க்கவோ தட்டவோ கூடாது. ஆணியைப் படம் மாட்டுவதற்கு முன்பே அடித்துவிடுங்கள்.

இன்க்ஜெட்டில் அச்சடித்த படத்தை உடனே பிரேம் போடலாமா?

ஒரு நாள் பொறுங்கள். மையில் உள்ள கிளைக்கால் என்ற திரவம் மெல்ல ஆவியாகும். உடனே மூடினால் கண்ணாடியின் உட்புறம் புகை படிந்தது போலாகும். சாதாரண வெள்ளைத் தாளை மேலே விரித்து 24 மணி நேரம் விட்டு, தாள் நெளிந்திருந்தால் புதுத் தாள் மாற்றி இன்னொரு நாள் விடுங்கள்.

கேன்வாஸ் ஓவியத்துக்கு எந்த பிரேம்?

கேன்வாஸ் ஓரம் வரை வரைந்திருந்தால் ஃப்ளோட் பிரேம் நன்றாக இருக்கும். படம் ஒரு தட்டுக்குள் நிற்பது போல, சுற்றிலும் 5 முதல் 10 மி.மீ. இருண்ட இடைவெளியோடு தெரியும். பின்பக்கத்திலிருந்து ஸ்ட்ரெட்சர் கட்டைக்குள் (கேன்வாஸை இழுத்துக் கட்டியிருக்கும் மரச்சட்டம்) திருகாணி போட்டு இணைப்பார்கள். திருகாணி கட்டையைத் துளைத்துக்கொண்டு கேன்வாஸை முட்டாத நீளத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வழக்கமான பிரேமில் கேன்வாஸின் விளிம்பு மரத்தின் உள்பள்ளத்தில் உட்காரும். அங்கே ஃபெல்ட் பட்டை ஒட்டாவிட்டால் ஓரத்து வண்ணம் உராய்ந்து உதிரும். மொத்தத்தில் 2, 3 மி.மீ. தளர்வு வேண்டும். கேன்வாஸைப் பிரேமோடு ஆணியடித்து இணைக்காதீர்கள். வளைந்த உலோகக் கிளிப்பைப் பிரேமில் மட்டும் திருகி, அதன் மறுமுனை கட்டையை அழுத்திப் பிடிக்கும்படி வைத்தால் போதும். மூலைகளில் உள்ள ஆப்புகள் கேன்வாஸ் தொய்ந்தால் இறுக்குவதற்கானவை, கழற்றி எறிய வேண்டாம்.

எண்ணெய் வண்ணம் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே காய 6 முதல் 12 மாதம் ஆகும். அதுவரை வார்னிஷோ கண்ணாடியோ வேண்டாம். திறந்த பிரேமில் மாட்டிக்கொள்ளலாம். அக்ரிலிக் வண்ணப் பரப்பு வெப்பத்தில் ஒட்டும் தன்மை கொண்டது. குமிழிப் பிளாஸ்டிக்கை நேரடியாகச் சுற்றினால் வட்டவட்டமாகத் தடம் பதிந்துவிடும். நடுவே சிலிகான் பூசிய தாளை வையுங்கள்.

எம்ப்ராய்டரி, துணி?

ஒட்டாதீர்கள், தையுங்கள். அமிலமில்லாத போர்டின் மேல் துவைத்த பருத்தித் துணியை இழுத்துப் போர்த்தி, அதன் மேல் வேலைப்பாட்டை வைத்து ஓரங்களில் சிறு தையல் போடவேண்டும். கண்ணாடியிலிருந்து தள்ளி வைக்க ஆழமான பெட்டி பிரேம் தேவைப்படும்.

பிரேமின் ஆழமும் மரத்தின் நீளமும் எப்படிக் கணக்கிடுவது?

உள்ளே போகும் அடுக்குகளைக் கூட்டுங்கள்: கண்ணாடி 2, மவுன்ட் 1.4, படத்தாள் 0.4, அடிப் போர்டு 1.4, பின்பலகை 3. மொத்தம் 8.2 மி.மீ. பின்னால், அடுக்குகளைப் பிடித்து நிறுத்தும் ஊசித்தகடு (சிறு தட்டை ஆணி) அடிக்க இன்னும் 3 மி.மீ. வேண்டும். ஆக, உள்பள்ளம் 11 அல்லது 12 மி.மீ. ஆழமுள்ள மரம் தேடவேண்டும். ஆழம் குறைந்த பிரேமில் அடுக்குகள் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும், தூசியும் பூச்சியும் நுழையும்.

மரத்தின் நீளத்துக்கு, நான்கு பக்கங்களின் கூட்டுத்தொகையோடு மரத்தின் அகலத்தை எட்டால் பெருக்கிச் சேருங்கள். மூலைக்கு இரண்டு வீதம் எட்டுச் சாய்வு வெட்டுகள் வருவதால் இந்த எட்டு. 40 × 50 செ.மீ. கண்ணாடிக்கு 3 செ.மீ. அகல மரம் என்றால் 180 + 24 = 204. ரம்பத்தில் போகும் சேதாரத்தோடு 210 செ.மீ. வாங்குங்கள். மரத்தில் முடிச்சோ அடிபட்ட இடமோ இருந்தால் இன்னும் கூட்டவேண்டும்.

எல்லாவற்றையும் எந்த வரிசையில் மூடுவது?

கண்ணாடியை இரு பக்கமும் துடைத்து முழுக்கக் காயவிட்டு, மவுன்ட் போட்ட படத்தின் மேல் வைத்து, பக்கவாட்டு விளக்கொளியில் தூசி பாருங்கள். ஆணியடித்தபின் உள்ளே ஒரு முடி தெரிந்தால் எல்லாவற்றையும் பிரிக்கவேண்டி வரும். பிறகு பின்பலகையை வைத்து, அடுக்கு முழுவதையும் ஒன்றாகத் தூக்கிப் பிரேமை அதன் மேல் இறக்குங்கள். கவிழ்த்து, ஊசித்தகடுகளை 7 முதல் 10 செ.மீ. இடைவெளியில் அடித்து, பின்பலகைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள இடுக்கை கம் டேப்பால் மூடிவிடுங்கள். தாளை அரிக்கும் வெள்ளிப்பூச்சி உள்ளே நுழைவது அந்த இடுக்கு வழியாகத்தான். பின்பலகை எம்.டி.எஃப். அல்லது ஹார்ட்போர்டு (மர இழையை அழுத்திச் செய்த பலகைகள்) என்றால் அதற்கும் அடிப் போர்டுக்கும் இடையே பாலியெஸ்டர் ஃபிலிம் ஒன்றைச் செருகவேண்டும். அவையும் அமிலம் கக்குபவைதான்.

கயிறு எப்படிக் கட்டுவது? எந்த உயரத்தில் மாட்டுவது?

டி வடிவ வளையங்களைப் பிரேமின் உயரத்தில் மேலிருந்து நான்கில் ஒரு பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு இறக்கிப் போடுங்கள். கயிற்றை விறைப்பாகக் கட்டாதீர்கள். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு வளையத்தின் மேலும் படத்தின் முழு எடை அளவு இழுவிசை வரும். 10 டிகிரிதான் என்றால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். திருகாணி பிடுங்கிக்கொண்டு வருவதற்கும் மெல்லிய பிரேம் உள்பக்கமாக வளைவதற்கும் இதுவே காரணம். கனமான படத்தைக் கயிறே இல்லாமல் இரண்டு வளையங்களையும் இரண்டு கொக்கிகளில் மாட்டுவது மேல், கோணவும் கோணாது.

படத்தின் நடு தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்பவர்களின் கண்ணுக்கு நேராக இருக்கும். கொக்கியின் உயரம் கண்டுபிடிக்க, 150-உடன் பிரேம் உயரத்தில் பாதியைக் கூட்டி, கயிற்றை மேல்நோக்கி இழுத்துப்பிடித்தால் பிரேமின் உச்சிக்கும் கயிற்றுக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். 60 செ.மீ. பிரேம், 8 செ.மீ. தூரம் என்றால் 150 + 30 − 8 = 172 செ.மீ. பிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொத்தான்கள் ஒட்டினால் பின்னால் காற்றோட்டம் இருக்கும், சுவரின் ஈரம் பின்பலகைக்கு ஏறாது.

எங்கே மாட்டக் கூடாது?

குளியலறை, அடுப்புக்கு மேல், மழைநீர் ஊறும் வெளிச்சுவர், நேர் வெயில் விழும் சுவர். ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும், இருட்டில் வைத்தால் திரும்பக் குறையாது. அருங்காட்சியகங்களில் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது பொதுவான அளவு. நேர் வெயில் 50,000 லக்ஸைச் சாதாரணமாகத் தாண்டும். அப்படிப்பட்ட வெயிலில் ஒரு மணி நேரம், 50 லக்ஸில் 1,000 மணி நேரத்துக்குச் சமம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைவிட, ஜன்னல் இருக்கும் அதே சுவர் பாதுகாப்பானது.

ஏற்கனவே பிரேம் போட்ட பழைய படத்தைத் திறந்து பார்க்கவேண்டுமா?

சில அடையாளங்களைக் கண்டால் திறக்கவேண்டும். மவுன்ட்டின் சாய்வு வெட்டு பழுப்பாகியிருப்பது, தாளில் துருப் புள்ளிகள் போலக் கறைகள், கண்ணாடியின் உட்புறத்தில் மூட்டம், படம் ஒரு பக்கம் சரிந்திருப்பது, பின்னால் ஒட்டிய தாளில் ஓட்டை, பிரேமுக்கு அடியில் மரத்தூள் ஆகியவை அவை. கவிழ்த்து வைத்து, கம் டேப்பைக் கத்தியால் அறுத்து, ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடுங்குங்கள். பின்பலகையை எடுத்ததும் படத்தை உடனே தூக்காதீர்கள். எங்காவது கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு மூலையை மட்டும் லேசாக உயர்த்திப் பாருங்கள். தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, கண்ணாடியும் படமும் சேர்ந்தபடியே காகிதப் பழுதுபார்ப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். தாராளமாக வந்தால் பழைய அட்டையை அகற்றுங்கள். ஆனால் அதில் எழுதிய குறிப்பு, தேதி, கண்காட்சிச் சீட்டு ஏதாவது இருந்தால் புகைப்படம் எடுத்துக்கொண்டு, வெட்டியெடுத்து ஓர் உறையில் போட்டு, புதுப் பின்பலகையின் வெளிப்புறத்தில் ஒட்டிவையுங்கள்.